கிரகண வண்டியில் ஒரே ஓர் இடம்

இந்த முறை சூரியனை விடுவதில்லை என்று தலைவர் முடிவெடுத்துவிட்டார். ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். வீட்டில் இன்னும் அதே பட்டம்தான். மரியாதை மட்டும் ஆலையோடு மூடிவிட்டது. முந்தைய முழுக் கிரகணத்தின்போது மறியல் செய்து சிறையில் கிடந்தார். அந்த அறையின் ஜன்னல் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஆட்சியாளர்களின் சதி என்றே இன்றுவரை நம்புகிறார்.

மருமகன், வானத்தை ஆராய்கிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். சாலை முடிந்து, அதற்கப்புறமும் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் பொட்டல்வெளியில்தான் சூரியன் முழுதாக மறையும். இங்கே பாதிதான். ஜீப்பில் ஓர் இடம் மிச்சம் இருந்தது.

"நான் போறேன்னு நேராச் சொல்லிட வேண்டியதுதானேப்பா," என்றாள் மகள்.

"அது எதேச்சதிகாரம். குடும்பக் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடணும்."

மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "என்னங்க, ஒரு சந்தேகம். தீர்மானம் போட்டப்புறம் யாராச்சும் மாத்தலாமா?"

"மாத்துறவன் துரோகி."

"அப்ப சரி. பேசுங்க."

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். தன் பெயரைத் தானே முன்மொழிவது கேவலம் என்பது துண்டறிக்கைகள் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். எனவே யாரென்று சொல்லாமலே சொன்னார். வாழ்நாளெல்லாம் பிறருக்காக உழைத்த ஒருவர். விடுமுறை அறியாதவர். பாராட்டுக் கேட்காதவர். நாலு சுவருக்குள் அடைபட்டு, வானத்தை அண்ணாந்து பார்க்கவும் நேரமில்லாமல் தேய்ந்தவர். அந்த இடம் அவருக்கே உரியது. பேசப் பேசத் தன் பேச்சில் தானே கரைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றாள் மனைவி.

நாலு கைகள் எழுந்தன. முதலில் எழுந்தது அவருடையது. வெளிநடப்பில்லாமல், நாற்காலி உடையாமல், ஒருமனதாக அவர் நிறைவேற்றிய முதல் தீர்மானம்.

"ரொம்ப நன்றிங்க," என்று மனைவி கும்பிட்டாள். "இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி நீங்க இவ்வளவு நல்லாப் பேசினதே இல்லை. மாப்பிள்ளை, காலைல எப்ப கிளம்பணும்?"

தலைவர் தூக்கிய கையை அவசரமாக இறக்கினார். "நான் என்னைச் சொன்னேன்டி."

"உங்களையா? லீவே எடுக்காத ஆளுன்னீங்களே. நீங்க வேலைக்குப் போனதவிட வேலைநிறுத்தத்துக்குப் போனதுதானே ஜாஸ்தி?"

"சிறையில அடைபட்டுக் கிடந்தேனே."

"அங்க உங்களுக்கு யாரோ சமைச்சுப் போட்டாங்க. நான் இங்க ஊரார் துணியெல்லாம் தச்சேன். உங்க கொடியையும் சேத்துத்தான்."

மருமகன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "மாமா, நீங்களும் கையத் தூக்கினீங்க."

மறுவாக்கெடுப்புக் கேட்க வாயெடுத்தார். 'துரோகி' குறுக்கே நின்றான்.

கிரகணத்தன்று கறுப்புக் கண்ணாடியோடு மொட்டைமாடியில் நின்றார். சூரியன் பாதி மறைந்து, சமரசம் பேசிக்கொண்டு திரும்பிவிட்டது. மாலையில் போன் வந்தது.

"பகல்லயே நட்சத்திரம் வந்துருச்சுங்க. பாதிப் பேர் அழுதுட்டாங்க. என் கை தன்னால உங்க கையத் தேடுச்சு."

தலைவர் உருகிப்போனார். "நான் வந்திருக்கணும். அந்த நேரத்துல அத்தனை பேருக்கும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்."



"ஒருத்தரும் வாயே திறக்கலைங்க," என்றாள். "அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு."