தருமனின் கீரைக் கூரை

"இப்ப எப்பிடிங்க இருக்குது? ரூமு ஆறுச்சா?"

போனில் மனைவி சிவசங்கரி கேட்டபோது, தருமன் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தான்.

"ஜில்லுனு இருக்குது," என்றான். வியர்வை போனுக்குள் இறங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது.

சேவூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு வாடகை வீடுகள். ஒன்றில் தருமன், மற்றதில் கன்னியம்மாள் குடும்பம். சித்திரை பிறந்ததும் தருமனின் நாலு மாதப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. "இது வூடா, அடுப்பா? ஆறட்டும், வரேன்," என்று சிவசங்கரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவாசி பஸ் ஏறிவிட்டாள். ஒன்றரை மாதம் ஆயிற்று. பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்ததை அப்பன் போனில்தான் பார்த்தான்.

மாடியில் செடி வளர்த்தால் தளத்தில் வெயில் இறங்காது, கீழே அறை குளிரும் என்று எங்கோ கேட்டு, தருமன் மண் பைகளோடு படியேறினான். தன் அறைக்கு நேர் மேலே எது என்று கண்டுபிடிப்பது அவனுக்கு ஒரு வேலையே இல்லை. தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவன் கண்ணுக்குப் பின்பக்கம்தான். பதினைந்து வருஷமாக எல்லாவற்றையும் திருப்பிப் போட்டே பார்த்துப் பழகிய கண், அரை நொடியில் கணக்கை முடித்துவிட்டது.

கீரை தளதளவென்று வந்தது. அறை மட்டும் அப்படியே கொதித்தது.

"பத்தல தம்பி, இன்னும் வையி," என்றாள் கன்னியம்மாள். அவளே பூசணி விதை கொடுத்தாள். அரிசி கழுவிய தண்ணீரையும் குடத்தோடு தூக்கிக் கொடுத்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அக்காவா என்று வியந்தபடியே தருமன் குடத்தோடு படியேறினான்.

பூசணி படர்ந்தது. அறை ஆறவில்லை. மூன்று வேளை தண்ணீர் ஊற்றினான். மாடித் தொட்டி காலியாகி, சோப்பு போட்ட தலையோடு இரண்டு முறை தெருக் குழாய்க்கு ஓடினான்.

மேலிருந்து இறங்குகிற குளிர்ச்சி ஜன்னல் வழியாகப் போய்விடுகிறதோ என்று சந்தேகம் வந்து, ஜன்னலை எல்லாம் சாத்தினான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை காய்ந்து பட்டுப்பட்டென்று அறுந்தது. முடிச்சுப் போட்டே விரல் தேய்ந்தது.

"பேஜாரா இருக்குதுக்கா. தோட்டத்த அந்தப் பக்கம் மாத்திப் பாக்கட்டா?"

"ஐயோ, வேணாம் தம்பி. வேரு புடிச்ச செடிய எடத்த மாத்தினா பாவம்," என்றாள் கன்னியம்மாள், கண் கலங்க.

இதற்கு நடுவேதான் போனில் அந்த 'ஜில்லு'.

"அப்பிடின்னா வெள்ளிக்கிழம வந்துடறேங்க," என்றாள் சிவசங்கரி.

வந்தாள். வாசற்படி தாண்டியதும் பிள்ளை முகம் சிவந்து, வீல் என்று அழுதது.

"ஏங்க, இதுவா ஜில்லு?"

"மேல வந்து பாரு, எவ்ளோ செடி..."

"செடிய எதுக்குங்க பாக்கணும்? புள்ளயப் பாருங்க. சாயங்கால பஸ்ஸுக்கு நான் கெளம்பறேன்."

தருமன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "புள்ளய ஜல்தி இங்க எட்த்தாம்மா," என்று பக்கத்து வீட்டிலிருந்து கன்னியம்மாள் கூப்பிட்டாள்.

உள்ளே போனார்கள். கோயில் கருவறைக்குள் நுழைந்தாற்போல் இருந்தது. ஃபேன் ஓடவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அப்பனைப் பார்த்துச் சிரித்தது. மூலையில் கன்னியம்மாளின் புருஷன் எல்லப்பன், மட்ட மத்தியானத்தில், கழுத்துவரை போர்வை போர்த்திப் படுத்திருந்தார்.

தருமன் போர்வையைப் பார்த்தான். அண்ணாந்து தளத்தைப் பார்த்தான். கன்னியம்மாளைப் பார்த்தான். அவள் அவசரமாக அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எல்லப்பன் போர்வையை மெல்ல விலக்கினார்.

"தோட்டம் எங்க வூட்டுக்கு மேல கீதுன்னு சொன்னா நீ தூக்கிகினு பூடுவியோன்னுதாம்ப்பா, அவ வாயத் தொறக்கல."