வாத்தியார் வீட்டு வெள்ளை நாய்

காசிநாதன் தூக்கி வந்த நாய் காலையில் வெள்ளை. இப்போது செம்பழுப்பு.

"இன்னாங்க இது?" என்றாள் அவர் மனைவி சௌந்தரம்.

"என் பின்னாலயே வந்து தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டைத் தொட்டியில வுழுந்துட்டுது. சாயங்காலம் வாத்தியார் வந்துடுவாரு."

ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் காசிநாதன் மேஸ்திரி. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பள்ளிக்கூட வாத்தியார் தானியேல், பத்து நாள் வேலூருக்குப் போகும்போது சாவியையும் ஒரு காகிதத்தையும் நீட்டினார்.

"வீட்டையும் ஜூலியையும் பாத்துக்கோங்க மேஸ்திரி. என்னென்ன செய்யணும், செய்யக்கூடாதுன்னு இதுல எழுதியிருக்கேன்."

காசிநாதன் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து தெருச் சாவியெல்லாம் எங்க வூட்டு ஆணியிலதான் தொங்குது சார். எங்களுக்கு வாக்குதான். காகிதம் குடுத்து அவமானப்படுத்தாதீங்க."

மூன்று தலைமுறையின் வாக்கு இப்போது செம்பழுப்பாய் நின்று வாலாட்டியது.

அவர் நாய்க்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் நாளே, வாத்தியார் வீட்டுப் படியில் படுத்திருந்ததை உள்ளே அழைத்துப் பால் வைத்தார். பாலில் பங்கு கேட்டு ஜன்னல் வழியாகக் குதித்த சாம்பல் நிறப் பூனையைக் கோணியில் போட்டு, பேரணாம்பட்டுக்குப் போன தோல் வண்டியில் ஏற்றிவிட்டார். காவல் என்றால் அப்படி.

"வெந்நீர் போடு," என்றார் சௌந்தரத்திடம்.

சவுக்காரம் தேய்த்து இரண்டு செம்பு ஊற்றியதும் நாய் கறுக்கத் தொடங்கியது. மூன்றாவது செம்பில் மையாகிவிட்டது.

காசிநாதனுக்குச் சுருக்கென்றது. "எதுல தண்ணி காய்ச்சின?"

"இரும்புக் கொப்பரையிலதான். துரு கொஞ்சம் ஜாஸ்தி."

"அடிப்பாவி! பட்டைச்சாறுல இரும்பு பட்டா கறுத்துப்பூடும்னு இருபது வருஷமா ஆளுங்களத் திட்டறேனே!"

"அத வூட்டுல சொன்னீங்களா? ஒரு காகிதத்துல எழுதி வச்சிருக்கலாம் இல்ல?"

அவர் அரிசி மாவைக் குழைத்து நாய்க்குப் பூசினார். நாய் நாக்கு எட்டிய வரை நக்கிவிட்டு மீதியை உதறியது. மேஸ்திரி வெள்ளையானார். எதிர்வீட்டு ஷபீ அஹமதுவின் கோழிகள் மாவைக் கொத்த ஓடிவந்தன.

"இன்னா மேஸ்திரி, நாய்க்குக் கல்யாணமா?" என்றார் கோழிகளைத் தேடி வந்த ஷபீ அஹமது.

அதற்குள் தெருமுனையில் ஜட்கா வண்டிச் சத்தம் கேட்டது.

"பின்பக்கம் கட்டிடுங்க. ஓடிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்," என்றாள் சௌந்தரம்.

"பொய் சொல்ற வம்சமா நம்மளுது?" காசிநாதன் மாவைத் துடைத்துத் தலைப்பாகையைக் கட்டினார். நாயைக் கையில் பிடித்துக்கொண்டு வாத்தியார் வீட்டு வாசலில் நிமிர்ந்து நின்றார். "ஜூலி கறுத்தது என் தப்புன்னு நேராவே சொல்லிடறேன்."

வண்டியிலிருந்து முதலில் இறங்கியவள் வாத்தியார் வீட்டுச் சமையல்காரி எல்லம்மா. அவள் கையில் கருவாட்டுப் பொட்டலம்.

"யார் வூட்டு நாய்ங்க இது? தள்ளிக் கட்டுங்க மேஸ்திரி. எங்க ஜூலி ஜன்னல்லதான் குந்திக்கினு இருக்கும், நாயக் கண்டா அந்தப் பூனைக்கு ஆவாது."