குடலுக்குப் போகாத சேதி

மனதில் லேசாகப் பயம் தட்டினால் போதும், பெலிக்ஸ் வாத்தியாருக்கு வயிறு கலங்கிவிடும். கல்வி அதிகாரி வந்தால் ஒரு தடவை, மாமியார் வந்தால் மூன்று தடவை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிற மனுஷன், திண்டுக்கல் கிறிஸ்தவக் கோயிலில் மைக்கைக் கண்டால் கழிவறையைத் தேடுவார். தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் முறை வந்த இரண்டு ஞாயிறும், பூசையில் பைபிளின் முதல் வாசகத்தை வாசிக்காமல் ஓடி வந்துவிட்டார். பாவம், அவருக்கும் அது வெட்கம்தான்.

மூன்றாவது முறை வந்தது.

"இந்தத் தடவையும் ஓடுனீங்கன்னா தெருவுல தல காட்ட முடியாதுங்க," என்றாள் மனைவி வினோலியா.

வாத்தியார் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டார்.

"இது மூளை. இது குடல். குடலுக்குன்னு தனியா நரம்பு இருக்கு, அது பாட்டுக்கு வேலையப் பாக்கும். மூளை பயந்துச்சுன்னா இந்த வழியா சேதி போகும். அம்புட்டுத்தான், குடல் ஓட ஆரம்பிச்சிரும். என் தப்பு என்ன இருக்கு?"

"சேதி போகலைன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

வினோலியா படத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே சொன்னாள்: "உங்களுக்குப் பதிலா நம்ம தெரு கஸ்பார் அண்ணன் வாசிக்கிறாரு. வாசகத்துல வர்ற பேருக அவரு வாயில நுழையலையாம். நீங்க வாசிங்க, போன்ல பதிவு பண்ணி அனுப்புறேன்."

வாத்தியாருக்கு உயிர் வந்தது. அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் அவருக்குக் குஷி. ஏற்ற இறக்கத்தோடு நான்கு தடவை வாசித்தார். ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை. வாசக நேரம் வந்து எல்லோரும் உட்கார்ந்ததும், விலாவில் வினோலியாவின் முழங்கை இடித்தது.

"எந்திரிங்க. நீங்கதான்."

"கஸ்பாரு?"

"அவரு ஊர்லயே இல்ல."

கோயிலே திரும்பிப் பார்த்தது. கால்கள் தாமாக நடந்தன. குடலுக்குச் சேதி எட்டுவதற்குள், ஒரு பேரும் தடுக்காமல், "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று முடித்துவிட்டார்.

"படம் நீங்க போட்டதுதான். சேதிய மட்டும் நான் நிறுத்தி வச்சேன்," என்றாள் திரும்பி வருகிற வழியில். கோபப்படப் பார்த்தார், முடியவில்லை. சந்தோஷமாக இருந்தது. இனி எதற்கும் பயப்படுவதில்லை என்று தீர்மானித்தார்.

வீட்டு வாசலில் பழக்கமான ஒரு செருப்பு. திறந்திருந்த கூடத்தில் நான்கு பைகள்.

"உங்கம்மாவா? உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரமே. பக்கத்து வீட்டுல சாவி குடுத்துட்டுத்தான வந்தேன்."

வாத்தியார் கழிவறைக்கு ஓடினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"செத்த பொறுங்க மாப்ள," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.