கெரி அவுட்டும் அதன் மேலதிகாரிகளும்

சொல் உயர்த்துபவர் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர் கவிஞர் அல்ல, மொழிபெயர்ப்பாளரும் அல்ல. வாத்தியாராக இருந்தவர் என்று ஊரார் நினைப்பார்கள், அதுவும் அல்ல. நீங்கள் எழுதிய ஒரு வசனத்தை இவரிடம் நீட்டினால், அது சரியா பிழையா என்று பார்க்கமாட்டார். அதில் சொல்லியிருப்பது உண்மையா பொய்யா என்றும் பார்க்கமாட்டார். அதிலுள்ள சொற்கள் போதிய அளவு பெரியவையா என்று மட்டுமே பார்ப்பார். பெரும்பாலும் போதாது.

எப்படி அடையாளம் காண்பது? சட்டைப் பையில் சிவப்புப் பேனை இருக்கும். கடிதத்தை வாங்கியதும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வாசிக்கத் தொடங்கு முன்பே ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு "பரவாயில்ல" என்பார். அந்தப் "பரவாயில்ல"வைக் கேட்ட எவரும் ஒரு மணித்தியாலத்துக்குள் வீடு திரும்பியதில்லை.

திருகோணமலையில் இந்த இனத்தின் தலைசிறந்த உறுப்பினர் கனகசுந்தரம். துறைமுகப் பக்கத்து அலுவலகமொன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்துறைமுக வீதியில் நௌபரின் ஃபோட்டோகொப்பிக் கடையில், மெசினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரை அவருக்கென்றே கிடக்கிறது. காசு வாங்கமாட்டார். ஒரு பிளேன் டீ போதும். கிண்ணியா, மூதூர், கப்பல்துறை, எங்கிருந்து யார் வேலைக்கு விண்ணப்பித்தாலும், கவரில் போட முன் அதைக் கனகசுந்தரத்தின் கண்ணில் காட்டியாக வேண்டும் என்பது இந்த வட்டாரத்தில் எழுதப்படாத சட்டம். காட்டாமல் அனுப்பி வேலை கிடைக்காமற் போனவர்களைப் பற்றி நௌபர் கதை கதையாகச் சொல்வான். காட்டி அனுப்பியும் கிடைக்காமற் போனவர்களைப் பற்றி அவன் எதுவும் சொல்வதில்லை. அவர்கள் திரும்பவும் வருகிற வாடிக்கையாளர்கள்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து காலை பஸ்ஸில் வந்த பஹ்மியாவும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள்தான். அவள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவள். அந்தப் பட்டம் பிரேம் போட்டுச் சுவரில் ஏறி இரண்டு வருடம். வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு "மகள் இப்ப என்ன செய்றா?" என்று கேட்பதும், உம்மா "எப்ளை பண்ணிட்டு இரிக்கா" என்று சொல்வதும், அது ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்து அவர்கள் தலையாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இப்போது ஒரு குடிநீர்த் திட்டத்தில் கள உத்தியோகத்தர் வேலை வந்திருந்தது. ஒரே ஓர் இடம். வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி.

தன்னைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒரேயொரு விசயம்தான் இருந்தது. கடைசி வருடப் படிப்புக்காக, தன் ஊரில் அறுபத்திரண்டு வீட்டுக் கிணறுகளில் உப்பு எவ்வளவு என்று ஓர் ஆய்வு செய்திருந்தாள். அதை ஆங்கிலத்தில் ஒரே வசனமாக எழுதியிருந்தாள். 'செய்தேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'கெரி அவுட்' வந்தது. அகராதியில் பார்த்து, சரிதான் என்று உறுதிசெய்துகொண்டு போட்ட சொல்.

கனகசுந்தரத்தின் பேனை அங்கே போய் நின்றது.

"கெரி அவுட்" என்றார், சோற்றில் கல் கடிபட்டவரைப் போல.

"பிழையா சேர்?"

"பிழையில்ல பிள்ளை. பரவாயில்ல. ஆனா இது மீன் சந்தையில கதைக்கிற இங்கிலீசு."

மீன் சந்தையில் அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. என்றாலும் தலையாட்டினாள். முப்பது வருடம் கடிதம் எழுதியவருக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப்போகிறது?

அவர் பையிலிருந்து தன் குறிப்புக் கொப்பியை எடுத்தார். ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பத்தொன்பது சொற்களும் அதில் பதவி வாரியாக இருந்தன. அடியில் 'டூ', கூலியாள். அதற்கு ஒரு படி மேலே கெரி அவுட், பியோன். 'பெர்ஃபோர்ம்' இலிகிதர், ஆனால் நாடக மேடையிலும் ஏறுகிற பழக்கம் உள்ளதால் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 'டிஸ்சார்ஜ்' கடமை தவறாத ஆள்தான், இருந்தாலும் பாதி நேரம் ஆஸ்பத்திரியில் நிற்கிறவர். 'இம்பிளிமென்ட்' உதவிப் பணிப்பாளர். 'எக்ஸிகியூட்' பணிப்பாளர், அவர் ஆட்களைத் தூக்கிலும் போடுவார் என்பதால் பெண்பிள்ளைகளின் விண்ணப்பத்துக்குச் சிபாரிசு இல்லை. எல்லாருக்கும் மேலே, ஏ.சி. அறையில் தனியாக, செயலாளர் உட்கார்ந்திருந்தார்: 'எஃபெக்சுவேட்'.

"இதப் போடுங்கோ. இது நான் எல்லாருக்கும் குடுக்கிறேல்ல."

"அவங்களுக்கு விளங்குமா சேர்?"

"விளங்கினா ஆர் பிள்ளை மதிக்கிறது?"

மெசினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நௌபர், "சேர் சொன்னா சரிதான் தங்கச்சி. எத்தின கொப்பி அடிக்க?" என்றான்.

நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். வாங்கில் பதினான்கு பேர் வரிசையாக இருந்தார்கள். பக்கத்தில் இருந்த கப்பல்துறைப் பெடியன் கஜீபன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். மந்திரம் என்று நினைத்தாள். உற்றுக் கேட்டாள். எஃபெக்சுவேட், எஃபெக்சுவேட்.

"நீங்களும் கனகசுந்தரம் சேரிட்டக் காட்டினீங்களா?"

"ஓம். உங்களுக்கு என்ன தந்தவர்?"

சொன்னாள். கஜீபனின் முகம் விழுந்தது. "எனக்கு மட்டும் எண்டெல்லோ சொன்னவர்!"

அவனுக்கு அடுத்து இருந்தவரும் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அடுத்தவரும். அப்படியே வாங்கின் கடைசி வரை தலைகள் திரும்பின.

உள்ளே, தேர்வு நடத்துகிற திட்ட அதிகாரி சுலோஜனா மேடம் விண்ணப்பங்களை ஒரு கட்டாக அடுக்கி வைத்திருந்தார்.

"மிஸ் பஹ்மியா, பதினொரு பேர் எஃபெக்சுவேட் பண்ணியிருக்கிறீங்கள். ஒருத்தர் கிரிக்கெட் மெட்ச். இன்னொருத்தர் இரத்ததான முகாம். இந்த ஊரில இவ்வளவு நடக்குது, எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

பஹ்மியா மேசைக் காலைப் பார்த்தாள். அறுபத்திரண்டு கிணறும் அவளுடையவை. அந்தச் சொல்லைப் போட்டதோடு அவையும் கிரிக்கெட் மெட்ச்சோடு போய்ச் சேர்ந்துவிட்டன. சுவரில் பிரேம் இன்னும் எத்தனை வருடம் தொங்கும்?

"சரி, விடுங்கோ. நீங்கள் அந்த வீடுகளில என்னதான் செய்தனீங்கள்?"

பத்தொன்பது சொற்களும் அவள் தொண்டையில் பதவி வாரியாக வரிசையில் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. 

"வாளிய இறக்கினன் மேடம்" என்றாள். "தண்ணி எடுத்து, போத்தல்ல ஊத்தி, வீட்டு நம்பர் எழுதினன். பதினேழாவது வீட்டில ஒரு ராத்தா, உப்பெல்லாம் இல்ல எண்டா. அவட கிணத்திலதான் ஆகக் கூட உப்பு. அவ பொய் சொல்லல்ல, நாக்குப் பழகிட்டு. அதுக்குப் பிறகு நான் ஆருட்டயும் உப்பிரிக்கா எண்டு கேக்கல்ல."

"வேற என்ன கேட்டனீங்கள்?"

"பால் தேத்தண்ணி கேட்டன். உப்புத் தண்ணியில பால் திரைஞ்சிடும், பாத்தா விளங்கிடும்தானே?"

சுலோஜனா மேடம் பேனையைக் கீழே வைத்தார். "எத்தின வீட்டில திரைஞ்சது?"

"இருபத்தாறு. எல்லாத்தையும் குடிச்சன். குடுத்த பிறகு வைக்க ஏலாதுதானே."

நியமனக் கடிதம் அடுத்த மாதம் வந்தது. ஒப்பமிட்டு மறுநாள் நேரில் கொடுக்க வேண்டும். பஹ்மியா அதைக் கொப்பி எடுக்க நௌபரின் கடைக்குக் கொண்டுபோனாள். வேறு கடைக்குப் போயிருக்கலாம், மனம் கேட்கவில்லை.

"பாத்தீங்களோ பிள்ளை!" என்றார் கனகசுந்தரம். "எடுத்துக் குடுத்தது ஆர்? எஃபெக்சுவேட்!"

பஹ்மியா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்பதும் உண்மைதானே என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு அவருக்கு ஒரு பிளேன் டீ சொன்னாள். திரும்பிப் பார்க்கும்போது கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. பெருமூச்சு முடிந்திருந்தது. கடமைகள் பற்றிய பந்தியில் அந்த அலுவலகம் 'கெரி அவுட்' என்று எழுதியிருந்தது. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, மேலே அழகான கையெழுத்தில் செயலாளர், எஃபெக்சுவேட்.

நௌபர் மெசினை நிறுத்தினான். "சேர்! அது ஒரிஜினல்!"

"பரவாயில்ல" என்றார் கனகசுந்தரம். "இனி வடிவா இருக்கு."

மறுநாள் பஸ்ஸில் குறிஞ்சாக்கேணியிலிருந்து பட்டணம் வரை பஹ்மியா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடக் காத்திருப்பும் அதன் மேல் நின்றது. சுலோஜனா மேடம் கடிதத்தைப் பிரித்தார். கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பன்னிரண்டு" என்றார். ஃபைலில் போட்டார்.

பஹ்மியா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. போன கிழமை, பதினேழாவது வீட்டு ராத்தா ஒற்றைத்தாளில் ஒரு முறைப்பாடு எழுதிக்கொண்டு வந்தார். "எங்கட கிணத்துத் தண்ணி குடிக்க ஏலாது. பிள்ளைகளுக்கு நல்ல தண்ணி வேணும்." அவ்வளவுதான் இருந்தது.

பஹ்மியா அதை வாசித்தாள். தாளை மேசையில் வைத்து நேராக்கினாள்.

"பரவாயில்ல ராத்தா" என்றாள். "ஆனா, 'குடிக்க ஏலாது' எண்டத கொஞ்சம்..."

சிரிக்கிறீர்களா? இவ்வளவையும் வாசித்து வரும்போது எங்கோ ஓரிடத்தில் உங்கள் கண் ஒரு கணம் நின்றிருக்கும். இதைவிட நல்ல சொல் ஒன்று இருக்கிறதே என்று மனம் மெல்லச் சொல்லியிருக்கும். ஒரு பெருமூச்சும் வந்திருக்கும்.

சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள்.