விபூதி அடக்கிய தும்மல்

உலகத்திலுள்ள ஹார்டு டிஸ்க்குகள் எல்லாம் தன்னைக் கவிழ்ப்பதற்காகவே பிறந்தவை என்று நம்பிய ஒரே மனிதன் எங்கள் விபூதிதான். இலுப்பூரில் நான் ஆன்லைன் சேவைக் கடை வைத்த நாளிலிருந்து என் கம்ப்யூட்டர்களுக்கு அவன்தான் வைத்தியன். தன் சொந்தக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைக் கழற்றி வீசிவிட்டு, ஒரு பென்டிரைவை நம்பியே பிழைப்பு நடத்தினான்.

"முழு சிஸ்டத்தையும் சுருக்கி ஒரே ஃபைலா இதுக்குள்ள மடக்கி வச்சிருக்கேண்ணே. வேணுங்கிற எடத்தை மட்டும் அதுவே பிரிச்சுப் படிச்சுக்கிரும். டிஸ்க்கு எதுக்கு?" என்பான்.

அந்தப் பென்டிரைவை அவன் வைத்திருந்த இடம் விராலிமலை முருகன் கோயில் விபூதிப் பொட்டலம். வேலை தொடங்குமுன் சிபியூவுக்கு ஒரு சிட்டிகை, தனக்கு ஒரு சிட்டிகை. பில் போடும்போது எனக்கும் ஒன்று. பெயர் அப்படித்தான் வந்தது.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்துப் பூட்ட வேண்டிய கடைசி நாள் அது. மாலை ஐந்து மணியோடு சரி. நாலரை வாக்கில் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலர் என்ற பெண்ணும் அவள் அப்பாவும் ஓடி வந்தார்கள். போனில் கவுன்சிலிங் வெப்சைட் திறக்கவே இல்லையாம். தவறவிட்டால் அவளுக்கு இந்தச் சுற்றில் சீட் இல்லை. நான் சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் இரண்டு முறை முனகிவிட்டு உயிரை விட்டது. இன்னொரு கம்ப்யூட்டர் ஏற்கெனவே விபூதியின் வைத்தியத்தில் குடல் வெளியே கிடந்தது.

போன் போட்டதும் வந்தான். மேசைக்கடியில் புகுந்து சிபியூவுக்கு விபூதி பூசினான், பென்டிரைவைச் சொருகினான். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி, படிக்க முடியவில்லை என்று நின்றன. உருவி ஊதினான். புகை மாதிரி விபூதி பறந்தது. மறுபடியும் நின்றது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஒம் பக்தியில தீய வைக்க. உள்ள பூரா திருநீறு அடைச்சுக் கெடக்கு."

"சத்தம் போடாதீங்கண்ணே. ஓரமா அமுக்கிப் பிடிச்சா படிக்குது."

அமுக்கினான். எழுத்துகள் தயங்கித் தயங்கி நகர்ந்து, திரை நீலமாக மலர்ந்தது.

"விரலை எடுத்தா அப்படியே ஒறைஞ்சுரும். தங்கச்சி, நீங்க பாட்டுக்குப் போடுங்க" என்றது மேசைக்கடி.

மலர் கல்லூரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போட ஆரம்பித்தாள். "பாத்துப் போடு ஆத்தா" என்று அவள் அப்பா காதருகில் சொல்லிச் சொல்லித் தப்பாகத் தட்ட வைத்தார். விபூதியின் போன் சட்டைப் பையில் அலறியது, யாரும் எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லாமல் கீழே குனிந்தேன். அங்கே அதைவிட மோசம். பறந்த விபூதி மூக்கில் ஏறி, கண்ணில் நீர் முட்ட, வாயைப் பிளந்தபடி இருந்தான் விபூதி.

"தும்முனே, கொன்னுருவேன்."

தலையை மட்டும் ஆட்டினான். இன்னொரு கையால் மூக்கை இறுக்கினான். முகம் நாவல்பழ நிறத்துக்குப் போனது.

அப்பாவின் போனுக்கு ஓடிபி வந்தது. அவர் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. ஒவ்வொரு எண்ணாக, சாமி கும்பிடுவதுபோல் வாசித்தார். மலர் தட்டினாள். பூட்டப்பட்டது என்று திரையில் வந்ததை அவள் வாய்விட்டுப் படித்து முடிக்கவும், கீழே இடி விழுந்தது. மேசை குலுங்கியது, திரை உறைந்தது.

"பூட்டியாச்சுல்ல தங்கச்சி?" மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஆச்சுண்ணே" என்று சொல்லி அவள் அழுதுவிட்டாள். அவள் அப்பா குனிந்து அவனை வெளியே இழுத்தார். கட்டைவிரலில் பென்டிரைவின் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. நான் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், டீ வாங்கப் போனேன்.

இப்போது மலர் திருச்சியில் படிக்கிறாள். விபூதி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கடையில் டிஸ்க்குகள் எல்லாம் புதுசு, ஒன்றும் மக்கர் பண்ணுவதில்லை. ஆனாலும் யாராவது தும்மினால் நான் குனிந்து மேசைக்கடியைப் பார்க்கிறேன். அவன் அங்கே இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை.