நந்தி காதில் சொன்ன அடையாளம்

கொச்சங்காடியில் சுக்கு மூட்டை அடுக்கியிருந்த பழைய கிடங்குக்குள் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே சுதர்ஷன சுவாமி இருக்கிறார். வெற்றிலையில் மை தடவித் திருடன் முகம் காட்டுவதெல்லாம் பழைய காலம். சுவாமியிடம் இருப்பது கறுப்புக் கண்ணாடிப் பலகை. நம் வீட்டில் அதற்கு டேப்லெட் என்று பெயர். விபூதிப் பட்டை போட்டிருப்பதால் இங்கே அது தெய்வப் பலகை.

அறை நடுவே ஒரு நந்தி. யார்மேல் சந்தேகமோ அவர் அடையாளத்தை அதன் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டும். பெயர் கூடாது. சுவாமி தள்ளி உட்கார்ந்து கண்மூடியிருப்பார். சற்று நேரத்தில் பலகையில் திருடன் முகம் தெரியும். எதிர்க்கரை வைப்பினிலிருந்துகூடப் படகேறி வந்தார்கள்.

திரிபுரசுந்தரி மாமியின் கல்மோதிரம் காணாமல் போனது. மாமி நந்தியிடம் ஓடினாள். "ஒல்லியான பொம்மனாட்டி, ரெண்டு பக்கமும் மூக்குத்தி, மோவாயில மச்சம்" என்றாள். பலகையில் ஒல்லியான பெண், இரண்டு மூக்குத்தி, மோவாயில் மச்சம். மாமிக்குப் புல்லரித்தது. தான் சொன்னதையே திருப்பிச் சொன்னால் யாருக்குத்தான் புல்லரிக்காது?

மாமி வீட்டில் சமைக்கும் பாண்டிச்செல்விக்கு அந்த மூன்றும் இருந்தன.

"நாளைக்குப் போலீஸ்தான்."

"நான் எடுக்கலம்மா. எம் பிள்ளை மேல சத்தியம்."

"நந்தி பொய் சொல்லுமாடீ?"

மாமியின் மகள் மாதுரி வேதியியல் பட்டதாரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

"அம்மா, நீ சொன்னதைத்தானே அது..."

"நீ சும்மா இரு. படிச்சுட்டா தெய்வமும் வேண்டாம் உங்களுக்கு."

மாதுரிக்கு வாதாட வராது. ஆனால் நந்தியிடம் முணுமுணுத்தாலே போதும். அந்த ஒரு வசதி அவளுக்குப் பிடித்திருந்தது.

"போலீசுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேட்டுடலாம்மா" என்று மறுநாள் அம்மாவையும் பாண்டிச்செல்வியையும் அழைத்துப் போனாள். திருடியைப் பார்க்கக் கூட்டம் வழிவிட்டது.

"சங்கோஜம் வேண்டா மோளே. நந்தி நம்ம ஆளாக்கும்" என்று மலையாள வாடையோடு சொல்லிவிட்டுச் சுவாமி கண்ணை மூடினார்.

மாதுரி குனிந்து முணுமுணுத்தாள். பலகையில் முகம் தெளிந்தது. காவித் தலைப்பாகை. இரண்டாகப் பிரிந்த தாடி. ஒற்றைக் காதில் பச்சைக்கல் கடுக்கன். வலது புருவம் மட்டும் வெள்ளை.

கூட்டம் பலகையைப் பார்த்தது. சுவாமியைப் பார்த்தது. மறுபடியும் பலகையைப் பார்த்தது.

"கண்டோ? கள்ளனைக் கண்டோ?" என்றார் சுவாமி, கண்ணைத் திறக்காமல்.

"கண்டோம் சாமி" என்றார் மீன் விற்கும் முத்துவேல். "நீங்கதான்."

சுவாமிக்குக் கண் திறந்தது. "இது... நந்திக்குத் தப்பு பற்றிப்போச்சு."

"அப்போ..." மாதுரி திரும்பிப் பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். குரல் வந்தது. "அப்போ செல்வி அக்காவைக் காட்டினதும் தப்புதானே?"

பாண்டிச்செல்வி விறுவிறுவென்று போய் நந்தியைத் தூக்கினாள். கல் என்று எல்லோரும் நம்பிய நந்தி ஒற்றைக் கையோடு வந்தது. வாலுக்கடியில் சார்ஜர் வயர். வயிற்றில் செல்போன். மாதுரி முணுமுணுத்ததெல்லாம் திரையில் எழுத்தாக நின்றது. கீழே 'உங்கள் படம் தயார்', பலகையில் தெரிந்த அதே முகம். கல்லூரிப் பிள்ளைகள் பூனைக்குத் தொப்பி வைத்து விளையாடும் செயலி அது. சொன்னதை வரையும். யார் திருடினார்கள் என்று அதற்கு என்ன தெரியும்?

"அப்போ என் மோதிரம்?" என்றாள் மாமி.

"வீட்ல தேடினியாம்மா?"

தேடவில்லை. நந்தியிடம் ஓடிய அவசரத்தில் கட்டிலுக்கு அடியில் பார்க்க நேரமில்லை. மாமி பாண்டிச்செல்வி பக்கம் திரும்பினாள்.

"நீங்களே குனிஞ்சு பாருங்கம்மா" என்று பாண்டிச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாட்டின் காதில் சொல்லுமுன் சொந்த மூளையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்குச் சார்ஜர் வேண்டாம். வரிசையில் நிற்கவும் வேண்டாம்; அங்கே எப்போதும் கூட்டமே இருப்பதில்லை.