மாமனார் கொடுத்த பேட்டரி

பேட்டரி வயரில் கனெக்டரைப் பற்றவைத்து, ஊதி ஆறவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பெருமைப்பட்ட பிறகுதான், மேஜை மேல் கிடந்த இரண்டு சின்னக் குழாய்கள் மாப்பிள்ளையின் கண்ணில் பட்டன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சூடு பட்டால் சுருங்கி, பற்றவைத்த இடத்தை இறுக்கி மூடிக்கொள்ளும் குழாய்கள். அவற்றை முதலிலேயே வயரில் கோத்திருக்க வேண்டும். இனிமேல் கோப்பதென்றால் கனெக்டர் வழிவிடாது.

"முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்றார் மாமனார், சாய்வு நாற்காலியிலிருந்து.

"ஆச்சு மாமா. கடைசிக் கட்டம்."

"அவசரமே இல்ல. முடியலைன்னா விட்டுடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அந்தக் கனிவுதான் மாப்பிள்ளையை வதைத்தது. ரிமோட்டில் ஓடும் தன் குட்டிப் பந்தயக் காரை, கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாமனார் அவரைத் தொடக்கூட விட்டதில்லை. காரணம் இல்லாமலும் இல்லை. மாப்பிள்ளையின் கை நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற கை. போன வருஷம் அவர் அழைப்பு மணியைப் பழுது பார்த்ததில், ஹாலில் மின்விசிறியைப் போட்டால் வாசலில் மணி அடித்தது. மாமியார் ஒரு வாரம் ஆளில்லாத வாசலுக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்ட மாமனார் இன்று சாப்பாடு முடிந்ததும் அந்தக் காரின் பேட்டரியைத் தானாகவே கொண்டுவந்து நீட்டினார். "கனெக்டர் கழண்டுபோச்சு மாப்பிள்ளை. நீங்கதான் போட்டுக் குடுக்கணும்."

நாலு மணிக்கு மைதானத்தில் பந்தயம். எதிரி, எதிர்வீட்டுப் பல் டாக்டர். அவர் புது ரிமோட் வண்டி வாங்கியிருந்தார். போன ஞாயிறு இருவரும் சேர்ந்து ஓட்டிப் பார்த்தபோது என்ன நடந்தது என்று மாமனார் வீட்டில் மூச்சுவிடவில்லை.

மாப்பிள்ளைக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த வீட்டில் ஒரு தடவையாவது, 'பரவாயில்லையே!' என்று பேர் வாங்கிவிட வேண்டும்.

வயரை வெட்டினார். சிவப்பைத் தனியாக, கறுப்பைத் தனியாக. இரண்டையும் சேர்த்து வெட்டினால் பொறி பறக்கும் என்று மாமனாரின் கருவிப்பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அரை அங்குலம் வயர் போயிற்று.

இந்தத் தடவை குழாய்களை முதலில் கோத்தார், பயபக்தியோடு. ஆனால் ஈயம் சரியாக உருகவில்லையோ என்ற சந்தேகத்தில் சால்டரிங் அயர்னை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். ஈயம் உருகியது. கூடவே கனெக்டரின் பிளாஸ்டிக்கும் இளகியது. உள்ளே நேராக நின்ற இரண்டு பித்தளை முனைகளும் சண்டை போட்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. கோணல் பல்லை நிமிர்த்துகிறவர் எதிர்வீட்டில்தான் இருந்தார். ஆனால் அவரிடம் போய்க் கேட்க முடியுமா?

"என்னமோ தீயற வாசனை வருதே," என்றபடி மாமியார் டீயோடு வந்தார்.

"ஒண்ணுமில்ல அத்தை. ஈயம்னா அப்படித்தான் வரும்."

"கெட்டுப்போச்சா?" மாமனார் சட்டென்று நிமிர்ந்தார்.

"இல்ல மாமா!"

"ஓ," என்று மறுபடி சாய்ந்துகொண்டார்.

இன்னொரு அரை அங்குலம் போயிற்று. கருவிப்பெட்டியிலிருந்து புதுக் கனெக்டர் ஜோடி ஒன்றை எடுத்தார். மாப்பிள்ளை ரகசியமாகப் போனைத் திறந்து பார்த்தார். கனெக்டரை அதன் ஜோடியோடு செருகிவைத்துப் பற்றவைத்தால், சூட்டில் முனைகள் நகராதாம். அப்படியே செய்தார். அற்புதமாக வந்தது. குழாய்களை மேலே தள்ளிச் சுருங்கவைத்தார். ஜோடியைப் பிரித்தார். காரில் செருகினார்.

போகவில்லை. திருப்பிச் செருகினார். அப்போதும் போகவில்லை. காரிலும் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன, கையில் இருந்ததிலும் நீட்டிக்கொண்டிருந்தன. ஜோடியில் தப்பான பாதியில் பற்றவைத்திருந்தார்.

மணி மூன்றேகால். வயர் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"விட்டுடுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார், தேனாக. "டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வயர் என்ன, தண்ணி ஊத்தினா வளரவா போகுது?"

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. வயரை மறுபடி வெட்டி, சரியான பாதியில் பேனாவால் புள்ளி வைத்தார். குழாய்களைக் கோத்தார். அயர்னை வைத்து மனசுக்குள் நாலு எண்ணி எடுத்தார். சிவப்பு எந்தப் பக்கம், கறுப்பு எந்தப் பக்கம் என்று மூன்று தடவை சரிபார்த்தார். எல்லாம் கச்சிதம். பேட்டரியைக் காரில் படுக்கவைத்து வயரை இழுத்தார்.

எட்டவில்லை. ஒரு நகக்கண் தூரம் பாக்கி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடும் இதற்குத்தானா?

பேட்டரியை வெளியே எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் படுக்கவைத்தார். வயர் இப்போது கனெக்டருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. செருகினார். உள்ளே போய் உட்கார்ந்தது.

ரிமோட்டை அழுத்தினதுதான் தாமதம், கார் சீறிக்கொண்டு கிளம்பி, சாய்வு நாற்காலியை இரண்டு சுற்றுச் சுற்றி, மாமனாரின் காலடியில் வந்து நின்றது.

"ஓடுது மாமா!" மாப்பிள்ளை ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கினார்.

மாமனார் காரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பத்தைந்து. "நல்லாவே ஓடுதே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, காரைத் தூக்கிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி வாசலுக்கு நடந்தார்.

"பாவம், மாமாவுக்கு சந்தோஷத்துல பேச்சே வரல அத்தை," என்றார் மாப்பிள்ளை.

மாமியார் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"என்ன மாப்பிள்ளை இப்படிப் பண்ணிட்டீங்க! நல்லா இருந்த கனெக்டரைக் காலையில அவரே பிய்ச்செடுத்து, நீங்க கை வெச்சா கண்டிப்பா தேறாதுன்னு நம்பித்தானே உங்ககிட்ட குடுத்தாரு!"